ஒரு பிரின்றின் விலை

2022 பெப்ரவரியில் லண்டனில் இருந்து வந்த ஒரு குடும்பம், வீட்டை விற்க முன்னர் தங்கள் அப்பம்மாவை அந்த வீட்டு விறாந்தையில் வைத்துப் பிலிமில் படம் எடுத்துத் தரும்படி கேட்டது. 8க்கு 10 அங்குலத்தில் கறுப்பு வெள்ளை பிரின்ற் 12. விலையை ரூபாவில் சொன்னேன். அப்போது ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேல். மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்டது. மே மாதமளவில் டொலர் 360 ஐத் தொட்டது. பிலிம், கடதாசி, டெவலப்பர், பிக்சர் எல்லாமே இறக்குமதி. சொன்ன சொல்லுக்காகப் பழைய விலைக்கே கொடுத்தேன். மிஞ்சிய காசு அடுத்த பெட்டிக் கடதாசிக்குக்கூடக் காணவில்லை.

அலுமாரியில் இருக்கும் கடதாசியை வாங்கிய விலையில் கணக்கிட்டதே என் பிழை. இன்று வாங்கினால் என்ன விலையோ அதுவே கணக்கு. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 15 இலிருந்து 18 வீதமானது. வரிக்குப் பதிவு செய்யாத சிறு ஸ்ரூடியோக்காரருக்கு அதைத் திரும்பப் பெற வழியில்லை. இப்போது என் விலை 14 நாட்களுக்கு மட்டுமே. பாதி முற்பணம் வந்த அன்றே கடதாசி வாங்கிவிடுவேன்.

வாடிக்கையாளருக்குத் தெரியாத இன்னொன்று, முதல் பிரின்ற்தான் செலவு. வெளிச்ச நேரத்தைக் கண்டுபிடிக்க இரண்டு, மூன்று தாள்கள் வீணாகும். முகத்தை வெளிறவிடாமல் எடுக்க ஒரு பின்னேரம் போய்விடும். அதே படத்தின் இரண்டாவது பிரதிக்கு அந்தப் பாடு இல்லை. எனவே முதல் பிரதிக்கு ஒரு விலை, அடுத்தவற்றுக்குக் குறைந்த விலை. வெளிநாட்டாருக்கும் உள்ளூராருக்கும் வேறு வேறு விலை சொல்பவர்கள் உண்டு. என் கூலியில் கூட்டிக் குறைப்பேன். கடதாசி விலை எல்லோருக்கும் ஒன்றே.

இந்தக் கணக்கு ஓரிடத்தில் என்னை இடறியது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பழைய நெகரிவோடு ஓர் அம்மா வந்தார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் இருப்பவர். கையில் பிடித்த படம் வெயிலில் வெளிறிவிட்டது. பிரின்ற் போட்டுக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்றேன். அதுவும் வெளிறியிருக்கும், ஆனால் அவர் திரும்பி வரவில்லை. பிறகொரு நாள் வழியில் கண்டு கேட்டேன்.

"முதல் படத்துக்கே நீங்கள் காசு வாங்கேல்லை தம்பி. பிறகு எப்பிடி வாறது?"

2022 இல் அரசு காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருக்கு 1 இலட்சம் ரூபா என்றது, பின்னர் அதை 2 இலட்சமாக்கியது. போராடும் தாய்மார் வேண்டாம் என்றனர். கேளாமல் நீட்டப்படும் கையை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இப்போது அந்த அம்மாவிடம் தாளின் விலையை மட்டும் வாங்குகிறேன், பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுக்கிறேன். கடைசியாக வந்தபோது இரண்டு பிரதி கேட்டார், ஒன்று வீட்டில் வைக்க.