அலாரம் அடித்தால் எங்கே பார்ப்பது?

2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்குப் பொருத்தியபோதுதான் ‘எக்மோ’ என்ற பெயர் நம்மூர் டீக்கடை வரை வந்தது. 2020-ல் எஸ்.பி.பி சிகிச்சையில் இருந்தபோது மறுபடியும் அதே பேச்சு.

சேலம், நாமக்கல் கிராமங்களுக்கு அதைவிடப் பழக்கமான உயிர்காக்கும் கருவி வென்டிலேட்டர். மரவள்ளிக்காட்டு வேலை முடித்து வந்து, தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. விடியும்போது இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசைகள் நின்றுபோகும். விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் நரம்புகள் மீள நாள் கணக்கில் ஆகலாம். அதுவரை மெஷின்தான் மூச்சு.

அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ராத்திரி பகலாக நிற்பவர் நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். இதற்கென்றே ஓராண்டு டிப்ளமோவும் இருக்கிறது. ஆனால், படித்து, பழகி, கை தேர்ந்தவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் முதலிலிருந்துதான்!

அலாரம் அடித்தால் புதியவர்களின் கண் தானாகத் திரைக்குப் போகும். பயிற்சியில் முதலில் மாற்றுவது அதைத்தான். நோயாளியைப் பார்க்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு நீலமாகிறதா? குழாய் நழுவியதா, சளி அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா, மெஷினில்தான் கோளாறா? ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருந்தால், மெஷினைக் கழற்றிவிட்டு ஆம்பு பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மற்றதெல்லாம் சத்தமில்லாத வேலைகள். தலைப்பக்கம் 30 டிகிரியாவது உயர்ந்திருக்க வேண்டும். வாய் சுத்தம் செய்ய வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மூடாத கண் உலராமல் பார்க்க வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால், விஷத்திலிருந்து தப்பியவரை நிமோனியா பிடித்துக்கொள்ளும்.

கட்டுவிரியன் கடித்தவரிடம் இன்னொரு சிக்கல். விரல் அசையாது, டார்ச் அடித்தாலும் கண்மணி சுருங்காமல் போகலாம். மூளைச்சாவு என்றே தவறாக நினைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். ஊசியின் வலியும் தெரியலாம். அதனால்தான் கைதேர்ந்த நர்ஸ், பதிலே வராத ஆளிடமும், “அண்ணா, சளி எடுக்கப்போறேனுங்க” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தொடுகிறார்.

பார்வையாளர் நேரத்தில் கட்டில் பக்கம் வாயடைத்து நிற்கும் மனைவியிடமும் அவர் சொல்வது அதுதான்: “பேசுங்க அக்கா, அவருக்குக் கேட்கும்.”