டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது

கீழ்பென்னாத்தூர் பக்கம் பழைய மாடி வீடு வைத்திருப்பவர்களுக்கு இப்போது மாடியிலேயே ஒரு பாத்ரூம் வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் ராத்திரியில் படியிறங்க முடியாது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் திருவண்ணாமலை வருகிறவர்களுக்கு அறையை வாடகைக்கு விடுவதென்றாலும் உள்ளேயே பாத்ரூம் இருக்க வேண்டும். தேவை நியாயமானது. அந்தத் தேவையோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைதான் வீட்டைக் கெடுக்கிறது: “டைல்ஸ் ஒட்டிட்டா ஒரு சொட்டு கீழ இறங்காதுங்க.” மேஸ்திரி இதைச் சொல்கிறார், வீட்டுக்காரர் தலையாட்டுகிறார். மரத்தின் மேல் நிற்கும் மாடியில் இதைவிடக் கெடுதலான பேச்சு கிடையாது.

டைல்ஸ் என்னவோ நல்ல பொருள்தான். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. ஆனால் ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூமில் ஓரடி டைல்ஸ் பதித்தால், இடையில் ஓடும் இணைப்புகளின் நீளம் மட்டும் 58 அடி. சுவரோரம் இன்னும் 24 அடி. வெள்ளை சிமெண்ட் அடைத்த அந்தக் கோடுகள் எல்லாம் தண்ணீர் குடிப்பவை. தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பின் கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு மயிரிழை விரிசல் இருக்கும். தண்ணீருக்கு அது போதும்.

அந்தத் தண்ணீர் இறங்கி எங்கே போகிறது என்று பாருங்கள். நம் பழைய மாடிகளில் பல, மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டியவை. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் பிணைத்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். அருமையான வேலை. “நூறு வருஷ மழையைத் தாங்கின தளம், பாத்ரூம் தண்ணிக்கா அசையும்?” என்று கேட்பவர்கள் இந்தப் பெருமையில்தான் கேட்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். அந்த ஐந்துக்கு ஏழடித் தரையில் மூன்று பேர் ஆளுக்கு இரண்டு பக்கெட் குளித்தால் நாளைக்கு 120 லிட்டர். அதாவது 37 மில்லிமீட்டர் மழை. ஒரு வருஷ மழை ஒரு மாதத்துக்குள் அங்கே கொட்டிவிடும். மொட்டைமாடியில் மழை ஓய்ந்ததும் வெயில் அடிக்கும், சுண்ணாம்பு ஈரத்தை மூச்சாக வெளியே விடும். பாத்ரூமில் வெயில் இல்லை, மேலே டைல்ஸ் மூடியிருக்கிறது. இறங்கிய ஈரம் திரும்பி வர வழியில்லாமல் உத்திரத்திலேயே தங்குகிறது. ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டால் மரத்தில் பூஞ்சை பிடிக்கும். முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை. அதை யாரும் பார்ப்பதில்லை. கீழ் அறையில் ஓதம் தெரிந்தால் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடுகிறார்கள்.

பாரத்தையும் யோசிப்பதில்லை. குழாய் பதிக்க வேண்டுமென்று தரையை ஓரடி உயர்த்தி, செங்கல் உடைசலும் மண்ணும் நிரப்புகிறார்கள். இந்த ஒரு சின்ன அறைக்கே அது சுமார் ஒன்றரை டன். உத்திரம் வளைகிறது. வளைந்தால் சிமெண்டும் டைல்ஸும் கூட வளையாது, விரியும். விரிந்த இடத்தில் இன்னும் தண்ணீர். இதைப் பார்த்துவிட்டு “டைல்ஸ் மட்டம்” என்று கம்பெனியைத் திட்டுபவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே டைல்ஸ் கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கீழ் அறையிலிருந்து ஏணி போட்டு, உத்திர முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் அங்கே பாத்ரூம் வேண்டாம். தச்சரையும் பொறியாளரையும் கூப்பிடுங்கள். மரம் கெட்டியாக இருந்தால், கழிப்பறைப் பீங்கானை வெளிச்சுவரோரம் வைத்துக் குழாயை நேராகச் சுவர் வழியே வெளியே எடுங்கள். ஓரடி நிரப்பலே தேவைப்படாது. மெல்லிய காரையில் ட்ராப்பை நோக்கி வாட்டம் கொடுத்து, அது காய்ந்தபின் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கை. மூலைகளில் வலைத்துணி வைத்து, சுவரிலும் ஓரடி ஏற்ற வேண்டும். குளிக்கும் பக்கம் ஆளுயரத்துக்கு. தண்ணீரைத் தடுப்பது இந்தப் பூச்சுதான். வெறும் பலகை பாவிய மச்சு என்றால் பலகைமேல் நேராக எதையும் ஒட்டக் கூடாது: பலகையை அசையாமல் இறுக்கி, சிமெண்ட் போர்டு திருகிய பிறகே பூச்சு.

டைல்ஸை சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டுவதும் இங்கே ஆகாது. நெகிழ்ந்துகொடுக்கும் பாலிமர் பசை வேண்டும். சுவரோர இடைவெளியை சிமெண்ட் போட்டு அடைக்காமல் சிலிக்கான் வைக்க வேண்டும், ஏனென்றால் மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும்.

“இதெல்லாம் தண்டச் செலவு” என்பார்கள். உளுத்த உத்திரத்தை மாற்ற மாடியையே பிரிக்க வேண்டும். அந்தச் செலவைச் சொல்பவர் யாருமில்லை.

பூச்சு காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் கீழ் அறையில் விளக்கைப் போட்டு ஒவ்வோர் உத்திரத்தையும் கையால் தடவிப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.