பெயருக்கு ஒரே கட்டம் போதுமா?

வம்சாவளி தேடும் சாஃப்ட்வேர்களில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சு முன்னோர்களைத் தேடுபவர்களுக்கு முதல் தலைவலியே அதுதான்.

அங்கே ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர்கள் இருப்பது சகஜம். 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய பியேர் ஹூடோன் 'தி' பொலியூவின் சந்ததியில் சிலர் ஹூடோன் ஆனார்கள். சிலர் பொலியூ ஆனார்கள். 'தி' என்றால் 'எனப்படும்' என்று பொருள். முதற்பெயரும் குழப்பும். ஞானஸ்நானப் பதிவில் ஆண் குழந்தைக்கு ஜோசப், பெண் குழந்தைக்கு மரி என்று முன்னால் சேர்ப்பார்கள். கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

ஒலி ஒத்த பெயர்களைத் தேடினால் போதாதா? போதாது. சவுண்டெக்ஸ் முறையில் ஹூடோன் எச்350, பொலியூ பி400. அமெரிக்கா சென்று 'ருவா'வை 'கிங்' என மாற்றிக்கொண்டவர்களும் இதில் சிக்கமாட்டார்கள்.

குறை பதிவேட்டில் இல்லை. பாதிரியார்கள் திருமணப் பதிவில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையே எழுதினார்கள். பெரும்பாலும் இருவரின் பெற்றோரையும் குறித்தார்கள். ஜெட்காம் கோப்பிலும் ஒருவருக்குப் பல பெயர்கள் தரலாம். இருந்தும் ஒரே பெயரை நம்பி டேட்டாபேஸ் அமைப்பது எங்களைப் போன்ற புரோகிராமர்களின் சோம்பல்தான்.

எனவே மாற்றுப் பெயருக்கு இடம் தரும் சாஃப்ட்வேரையே வாங்குங்கள். தனி நபரைவிடத் தம்பதியாகத் தேடுங்கள். 'பொருந்துகிறது' என்று கம்ப்யூட்டர் சொன்னாலும், மூலப் பதிவைப் பார்க்காமல் ஓகே கொடுக்காதீர்கள். ஒரு தவறான கிளிக் வேறொருவர் தாத்தாவை உங்கள் தாத்தா ஆக்கிவிடும். அதை நாலு பேர் காப்பி செய்தால் அதுவே வரலாறாகிவிடும்.