பிராட்வே 290-இன் அடியில்

அமெரிக்க அடிமை முறை என்றதும் நம் மனத்தில் வருவது தெற்கு மாநிலங்களும் அங்கத்திய பருத்திக் காடுகளும்தான். நியூயார்க்கை அதோடு சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு. ஆனால் 1626 வாக்கிலேயே டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 11 ஆப்பிரிக்க ஆண்களை மன்ஹாட்டனில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. பாலோ டி அங்கோலா, சைமன் காங்கோ என்று, பிடித்துவரப்பட்ட மண்ணின் பெயரையே தங்கள் பெயரோடு சுமந்தவர்கள் அவர்கள். காட்டை அழித்தது, சாலை போட்டது, கோட்டை கட்டியது எல்லாம் அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும். வால் ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தச் சுவரிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அதே தெருவின் முனையில், ஆற்றங்கரையில், 1711இல் நகர நிர்வாகமே அடிமைச் சந்தை ஒன்றை ஏற்படுத்தியது. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1827 ஜூலை 4 அன்று. சுதந்திரப் பிரகடனம் வெளியாகி அதற்குள் 51 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இத்தனை வேலை வாங்கிக்கொண்ட ஊர், செத்தவர்களுக்கு ஆறடி நிலம் தரவில்லை. 1697இல் டிரினிட்டி தேவாலயம் தன் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பினத்தவரைப் புதைக்கத் தடை விதித்தது. ஊர் எல்லைக்கு வெளியே, வடக்கே, மேடும் பள்ளமுமாக ஒரு நிலம் கிடந்தது. அங்கேதான் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அதற்கும் கட்டுப்பாடு வந்தது. 1712இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததிலிருந்து, அவர்கள் நாலு பேர் ஒன்றாகக் கூடினாலே எசமானர்களுக்குப் பயம். 1722இல் இரவு அடக்கம் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1731இல், ஒரு சாவுக்கு 12 பேருக்கு மேல் வரக்கூடாது என்றார்கள். பகலெல்லாம் அடுத்தவருக்கு உழைக்கிறவர்கள், பொழுது சாய்ந்த பிறகு அல்லாமல் வேறு எப்போது தங்கள் பிணத்தை எடுக்க முடியும்?

புதைத்த பிறகும் நிம்மதி இல்லை. மருத்துவம் படித்தவர்கள் அறுத்துப் பார்ப்பதற்காக இரவோடு இரவாக உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். 1788 பிப்ரவரியில், அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் சேர்ந்து இதைத் தடுக்கச் சொல்லி நகர மன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். எந்தப் பலனும் இல்லை. வெள்ளையர் கல்லறைகளிலும் கை வைக்கிறார்கள் என்ற பேச்சு பரவிய பிறகுதான் ஊர் கொதித்து எழுந்தது. அந்த மனுவை நான் மிக முக்கியமான ஆவணமாக நினைக்கிறேன். உரிமை என்று எதுவும் இல்லாதவர்கள், தங்கள் பிணங்களுக்காக எழுத்தில் நியாயம் கேட்டிருக்கிறார்கள்.

1790களின் நடுவில் இடுகாடு மூடப்பட்டது. நிலத்தை மனை போட்டு விற்றார்கள், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள், மேலே கட்டடங்கள் எழும்பின. அப்படிக் கொட்டிய மண்தான் கல்லறைகளைக் காத்தது. 1991இல் பிராட்வே 290 என்ற முகவரியில், 34 மாடி அரசு அலுவலகம் கட்ட அடித்தளம் தோண்டினார்கள். அது இடுகாடு இருந்த இடம் என்பதைப் பழைய வரைபடம் காட்டியது. அரசுக் கட்டுமானம் என்பதால் தொல்லியல் ஆய்வும் கட்டாயம். எல்லாம் எப்போதோ அழிந்திருக்கும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் 20 அடிக்கும் கீழே, வரிசை வரிசையாகச் சவப்பெட்டிகள் கிடந்தன.

அதற்குப் பிறகும் கட்டட வேலை நிற்கவில்லை. ஒரு பக்கம் எலும்புகளை எடுத்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் கான்கிரீட் ஊற்றினார்கள். பொக்லைன் பட்டுச் சில கல்லறைகள் நாசமாயின. செய்தி வெளியே வந்ததும் நகரத்தின் கறுப்பின மக்கள் திரண்டார்கள். அங்கேயே நின்று வழிபட்டார்கள், போராடினார்கள், மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். அப்போதைய மேயர் டேவிட் டிங்கின்ஸ் அவர்கள் பக்கம் நின்றார். நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. 1992 அக்டோபரில், இடுகாட்டின் மேல் வரவிருந்த கட்டடப் பகுதியைக் கைவிடும் சட்டத்தில் ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டார். அது தானாகக் கனிந்த பழம் இல்லை. மக்கள் தெருவில் நிற்காமல் போயிருந்தால், அந்த இடத்தில் இன்று கட்டடம் ஒன்று நின்றிருக்கும்.

எலும்புகள் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போயின. கறுப்பினத்தவர் கல்விக்காக எழுந்த பல்கலைக்கழகம் அது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய மானிடவியலாளர் மைக்கேல் பிளேக்கி முதலில் செய்த காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. உங்கள் முன்னோரைப் பற்றி நீங்கள் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அந்த மக்களிடமே கேட்டார். எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படி ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் ஆனார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்று ஆய்வின் கேள்விகள் அப்படித்தான் உருவாயின. வரலாற்று ஆய்வு இப்படித்தான் நடக்க வேண்டும். எலும்பு யாருடையதோ, கேள்வி கேட்கும் உரிமையும் அவர்கள் பிள்ளைகளுக்கு உண்டு.

கிடைத்தவை 419 பேரின் எச்சங்கள். யாருக்கும் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். நாற்பது சதவீதத்துக்கு மேல் குழந்தைகள். சுமந்து சுமந்து தசை பிய்ந்த தழும்பு பெரியவர்களின் எலும்பில் பதிந்திருந்தது. எண் 25 இருபது வயதைச் சற்றே தாண்டிய ஒரு பெண். விலா எலும்புகளுக்கு நடுவே துப்பாக்கிக் குண்டு, முகத்திலும் கையிலும் முறிவு. எண் 340 வயதில் மூத்த பெண். முன்பற்கள் அராவிக் கூராக்கப்பட்டிருந்தன, இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மணிகள். அந்த மணிகளை யாரும் உருவிக்கொள்ளாமல் அவளோடேயே புதைத்தவர்கள், தங்களுக்கென்று ஒரு பொருள் இல்லாதவர்கள். எண் 335 முப்பது வயதையொட்டிய ஒரு தாய். முழங்கை மடிப்பில், பிறந்த சூடு ஆறாத ஒரு சிசு. குழந்தையை அந்த நிலையில் படுக்க வைத்த கைகளைப் பற்றி ஒரு பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது.

2003 அக்டோபரில் அவர்களைத் திருப்பி அடக்கம் செய்தார்கள். கானா நாட்டில் கையால் செதுக்கிய மரப்பெட்டிகள், ஒவ்வொருவருக்கும் ஒன்று. அவர்களில் சிலர் வாஷிங்டனிலிருந்து ஊர் ஊராக அஞ்சலி ஏற்று, கடைசியில் படகில் வால் ஸ்ட்ரீட் துறையில் வந்து இறங்கினார்கள். அடிமைச் சந்தை இருந்த கரை அது. பெரும் கூட்டம் பிராட்வே வழியாக அவர்களோடு நடந்தது. இந்த முறை 12 பேர் என்ற கணக்கு யாரும் பார்க்கவில்லை.

2006இல் அந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. ஹெய்ட்டி வம்சாவளிக் கட்டடக் கலைஞர் ரோட்னி லியோன் வடிவமைத்த கருங்கல் நினைவகம் மறு ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பக்கத்தில் ஏழு புல்மேடுகள் இருக்கின்றன, அவற்றின் கீழேதான் அந்த 419 பேரும். ஆனால் இடுகாட்டின் முழுப் பரப்பு ஆறு ஏக்கருக்கு மேல். அங்கே புதைக்கப்பட்டவர்கள் 15,000 பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மற்றவர்கள் இன்றும் சுற்றியுள்ள தெருக்களுக்கும் அலுவலகங்களுக்கும் அடியில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் பெற்றோர் சுதந்திர தேவி சிலையையும் வால் ஸ்ட்ரீட் காளையையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தக் காளையிலிருந்து பிராட்வேயில் வடக்கே நடந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்த இடம் வந்துவிடும். அனுமதி இலவசம். பேரப்பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துக்கொண்டு போங்கள்.