எனக்கு வந்தது நோய்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சிலரும், குடித்துக் கெட்டுப்போனதாகச் சிலரும் பேசிக்கொள்கிறீர்களாம். இரண்டும் இல்லை. எனக்கு வந்தது மனச்சோர்வு நோய். இங்குள்ள அரசுப் பாலிகிளினிக்கில் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறேன், வேலைக்கும் போய்வருகிறேன்.

படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த நாட்களைவிட, வீட்டிலிருந்து வந்த பேச்சுதான் என்னை அதிகம் வாட்டியது. "யார்கிட்டயும் சொல்லிராதய்யா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறோம்." "மாசமானா சம்பளம் வாங்குற பிள்ளைக்கு என்ன கவலை?" சொன்னவர்கள் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள். பாசமில்லாமல் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பயத்தில், தூங்கினாயா என்று தினமும் கேட்கும் அம்மாகூடக் கேட்பதை நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாத்திரை பழகிப்போய்விடும், நிறுத்திவிடு என்றார் மாமா. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சாராயம்போல அடிமைப்படுத்துபவை அல்ல. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் வயிற்றுப் புரட்டலும் தலைவலியும்தான் முன்னால் வரும். ஊரிலிருந்து "நிறுத்து" என்று ஆளாளுக்குச் சொல்வதும் சரியாக அந்த நேரத்தில்தான். திடீரென்று விட்டால் தலைசுற்றும், தூக்கம் கெடும். மருத்துவர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி மாமாவிடம் நம்மில் யாராவது சொல்வோமா?

மனநோய் வந்தவர்களை வேண்டுதலுக்காகக் கொண்டுபோய் விடும் தர்கா இருக்கும் ஏர்வாடி நமக்கு எட்டாத ஊர் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகமொன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. அந்தத் தர்காவிலேயே துவா என்னும் வேண்டுதலோடு மருந்தும் கொடுக்கும் திட்டம் வந்தது. வேண்டுதலை யாரும் விட வேண்டாம். அம்மா எனக்காக நேர்ந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். மருந்தை மட்டும் தடுக்காதீர்கள்.

எப்படித் தேறினேன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை; எதை யாரிடம் பேசுவது என்று பிரித்துக்கொண்டேன். அம்மாவிடம் மழை, மீன் விலை, தங்கையின் படிப்பு. நோயைப் பற்றி, அறையில் உடன் தங்கியிருக்கும் புதுக்கோட்டைக்காரரிடம். அவர் புத்திமதி சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவுக்குப் போகும்போது சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "வாங்க, போவோம்" என்பார், அவ்வளவுதான். ஊரிலிருந்து அத்தாச்சி ஒருவர் மட்டும் கூப்பிட்டு, "இன்னைக்கு எந்திரிச்சுக் குளிச்சியாய்யா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்றார். மறுநாளும் கூப்பிட்டார். நோய் என்னவென்று அவருக்கு முழுதாகப் புரிந்திருக்காது. அது தேவைப்படவும் இல்லை. பெற்றவர்களிடமிருந்தே எல்லாம் வர வேண்டும் என்று காத்திருந்தவரை எனக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. வந்த இடத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, அம்மா மேல் இருந்த கோபமும் தணிந்தது.

நம் ஊரில் இன்னும் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறார்களோ. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். யார் வீட்டிலாவது ஒரு பிள்ளை "மனசு சரியில்ல" என்றால், காரணம் கேட்டுக் குடையாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

பங்குனியில் ஊருக்கு வருகிறேன். தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் என் நோயைப் பற்றி நானே சொல்லப்போகிறேன். தெரிந்து வருகிறவர் வரட்டும் என்று தங்கையும் சொல்லிவிட்டாள். அப்போது சபையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராவது, "அதனால என்ன, நம்ம பிள்ளைதானே" என்று சொல்ல வேண்டும். உங்களிடம் நான் கேட்பது அதுதான்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை