பங்க் மூடினாலும் தொட்டி இருக்கிறது

2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளைக் கெடுத்தது. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி கசிந்தாலும் இதே கதிதான். தென்காசி மாவட்டத்து அச்சன்புதூர், கடையநல்லூர் பக்கம் சாலையோர பங்குக்குப் பின்னாலேயே வயலும் கிணறும் இருப்பது சாதாரணம். அடியில் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் ஓடும் தண்ணீரோடு பெட்ரோலும் போனால், எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று கணிப்பது கடினம். பெட்ரோல் மிதக்கும், அதிலுள்ள பென்சீனோ கரையும். குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள்.

சுத்தம் செய்ய வழி இருக்கிறது: மிதக்கும் எண்ணெயை உறிஞ்சலாம், மண்ணிலுள்ள ஆவியை இழுக்கலாம், காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்னும்படி செய்யலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். செலவு யாருடையது?

அமெரிக்கா 1986-லேயே எரிபொருளுக்குச் சிறு வரி போட்டு இதற்கென நிதியம் வைத்தது. இங்கே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் புதிய பங்குகள் குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது. நல்லது. மூடிய பங்குக்கும் அதே கண்டிப்பு வேண்டும்: தொட்டியைத் தோண்டியெடுத்து, சுற்றுக் கிணறுகளைச் சோதித்து, முடிவை ஊராட்சியில் ஒட்டிய பிறகே மனை கைமாற வேண்டும்.