உபகாரமா, கூலியா?

ஐக்கிய அமெரிக்காவில் ராஜ்ய சர்க்கார்கள் நடத்தும் சர்வகலாசாலைகளில், ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இருவர் ஒரே படிப்புச் சம்பளம் கட்டுவதில்லை. அந்த ராஜ்யத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு சம்பளம். எல்லை தாண்டி வந்த பிள்ளைக்கு வேறு சம்பளம். மிச்சிகன் சர்வகலாசாலையில் வெளியார் கட்டுவது உள்ளூரார் கட்டுவதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். "எங்கள் ஜனங்களின் வரிப் பணத்தில் நடக்கும் கலாசாலை, வெளியாருக்கு எதற்குச் சலுகை?" என்று காரணம் சொல்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 2008ஆம் வருஷத்து நெருக்கடிக்குப் பிறகு நடந்தது என்ன? ராஜ்ய சர்க்கார்கள் கலாசாலைகளின் மானியத்தை வெட்டின. வெட்டிய பள்ளத்தை நிரப்ப, அதிகச் சம்பளம் கட்டும் வெளி ராஜ்யப் பிள்ளைகளைப் பல கலாசாலைகள் தேடித் தேடிச் சேர்த்தன. வெளியார் எதற்கு என்று கேட்டவர்களே வாசலில் நின்று கூவி அழைத்தார்கள்.

பணக்கார வீட்டுப் பிள்ளை கேட்ட பணத்தைக் கட்டிவிடுவான். நன்றாக எக்காளம் ஊதுகிற, நாடகம் நடிக்கிற, படம் எழுதுகிற தொழிலாளி வீட்டுப் பிள்ளையை எப்படி அழைப்பது? அதற்குத்தான் கலை உபகாரச் சம்பளம். வெளியாருக்கான கூடுதல் தொகையில் ஒரு பகுதியையோ, முழுவதையுமோ தள்ளுபடி செய்கிறோம், வா என்கிறார்கள். பிள்ளையும் பெட்டி படுக்கையோடு போய்ச் சேருகிறது.

தாளின் பின்பக்கத்தில் ஷரத்துகள் இருக்கின்றன. கலாசாலைக்குக் கலாசாலை வித்தியாசம் உண்டு; என்றாலும் சாதாரணமாகக் காண்பவை இவை: ஒவ்வொரு பருவத்திலும் 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் படிக்க வேண்டும். சராசரிப் புள்ளி 3க்குக் கீழே, சில இடங்களில் இரண்டரைக்குக் கீழே, இறங்கக் கூடாது. கலைத் துறையை விட்டு மாறக் கூடாது. துறை சொல்லும் வாத்தியக் குழுவிலோ நாடகத்திலோ பங்கெடுத்தாக வேண்டும். எட்டுப் பருவத்துக்கு மேல் கிடையாது. சங்கீத மாணவர்கள் பருவ முடிவில் ஆசிரியர் குழுவின் முன்னே தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் குழுவுக்கு 'ஜூரி' என்றே பெயர்! கூண்டு ஒன்றுதான் பாக்கி.

"படிக்கத்தானே சொல்கிறார்கள், இதிலென்ன குற்றம்?" என்று கேட்கலாம். படிக்கச் சொல்வது குற்றமல்ல. பொதுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றும் பிள்ளைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். நாம் மெட்ரிக் வரை படித்தவர்கள்தான். அதற்கே புரிகிற கணக்கு இது.

முதல் தரத் தேர்ச்சிக்கு 4 புள்ளி, அடுத்ததற்கு 3, அதற்கடுத்ததற்கு 2, தோற்றால் பூஜ்யம். பஸ் ஓட்டுகிற ஒருவரின் மகள் பக்கத்து ராஜ்யத்துக்குச் சங்கீதம் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பாடம், பாடத்துக்கு 3 கிரெடிட், ஆக 12. வாத்தியக் குழுவின் கணக்கை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். மூன்று பாடத்தில் மும்மூன்று புள்ளி வாங்கிவிட்டாள். ராத்திரியில் ஓட்டலில் தட்டுக் கழுவும் வேலை, இடையில் காய்ச்சல். நான்காவது பாடம் போய்விட்டது. மொத்தம் 9 புள்ளி, நான்கால் வகுத்தால் 2.25. கருணையுள்ள கலாசாலையானால் ஒரு பருவம் தவணை கொடுக்கும். அந்தத் தவணையில் இரண்டு பருவத்தின் சராசரியை 3க்குக் கொண்டுவர என்ன வாங்க வேண்டும் தெரியுமா? 3.75. அதாவது மூன்று பாடத்தில் முதல் தரம், நான்காவதில் இரண்டாம் தரம். காய்ச்சலில் படுத்தவள் எழுந்ததும் வகுப்பின் தலைமாணவியாக ஓட வேண்டும்!

தோற்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்து அந்தப் பாடத்தை விட்டுவிடலாமே என்றால், விட்டால் 9 கிரெடிட். 12க்குக் குறைந்தது, முதல் ஷரத்தே அறுந்தது. படித்தாலும் போகும், விட்டாலும் போகும். ஒரு நாள் லீவு போட்டதற்கு மாதத்துப் போனஸைப் பறிகொடுத்த மில் தொழிலாளிக்கு இந்தச் சூத்திரத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒதுக்கி வைத்த வாத்தியக் குழுவுக்கு வருவோம். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, குறைந்தது இரண்டு மணி வெளிப் படிப்பு என்பது அந்நாட்டு மத்திய சர்க்காரின் இலக்கணம். வாத்தியக் குழுவுக்கு வழக்கமாகக் கொடுப்பதும் ஒரு கிரெடிட்தான். சில இடங்களில் அதுவும் இல்லை. ஆனால் ஒத்திகை மட்டுமே வாரத்துக்கு நாலைந்து மணி, தனிப் பயிற்சி வேறு, கச்சேரி ராத்திரிகள் வேறு. அணிவகுத்து வாசிக்கும் பாண்டு கோஷ்டியானால், வகுப்புத் திறக்கும் முன்பே ஆகஸ்டு வெயிலில் மைதானத்தில் நிற்க வேண்டும். பண்ணையார் வீட்டில் வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் இருந்த கதையை நம் விவசாயத் தொழிலாளிகள் அறிவார்கள். இங்கே மரக்காலுக்குக் கிரெடிட் என்று பெயர்.

அந்தப் பாண்டு யாருக்காக ஊதுகிறது? கலாசாலையின் கால்பந்து ஆட்டத்துக்கு. டிக்கெட் பணம், டெலிவிஷன் பணம் எல்லாம் கொட்டுகிற ஆட்டம் அது. பல ராஜ்யங்களில் சர்க்கார் ஊழியரிலே மிக அதிகச் சம்பளம் வாங்குகிறவர் கவர்னர் அல்ல, ஆட்டப் பயிற்சியாளர்! ஆகவே கேட்கிறோம்: பிள்ளைக்குக் கொடுப்பது உபகாரமா? வேலை வாங்குகிறார்கள், நேரம் குறிக்கிறார்கள், வராவிட்டால் வெட்டுகிறார்கள். இதற்குக் கூலி என்று பெயர். பெயரை மாற்றி உபகாரம் என்று சொல்வதால், வெட்டும்போது கேட்க உரிமையில்லாமல் போகிறது.

வெட்டிவிட்டால் வெளியார் சம்பளம் முழுவதும் தலையில் விழும். அங்கேயே குடியிருந்து உள்ளூர்க்காரி ஆகிவிடலாமா? கனெக்டிகட் ராஜ்யம் ஒரு காலத்தில், வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர் படிப்பு முடியும்வரை வெளியாரே என்று சட்டம் வைத்திருந்தது. 1973இல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. ஆனால் குடியிருப்பை நிரூபிக்கும் பாரம் பிள்ளையின் தோளில்தான். ஒரு வருஷக் குடியிருப்பு கேட்பது வழக்கம், படிப்பதற்காக மட்டும் வந்து தங்கியதைப் பல இடங்களில் கணக்கில் சேர்ப்பதில்லை. மிச்சம் இரண்டு வழி: கடன், அல்லது ஊர் திரும்பும் வண்டி.

விதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பருவம் சறுக்கினால் எழுந்து நிற்க ஒரு முழு வருஷம் கொடு. ஒத்திகை மணியை மணியாகவே எண்ணு. உபகாரச் சம்பளம் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை இழந்தார்கள் என்று சேரும் முன்பே தாளின் முன்பக்கத்தில் அச்சடி. கடைசியில் சொன்னது நடக்காத காரியமல்ல. சட்டக் கல்லூரிகள் மார்க் நிபந்தனையோடு உபகாரச் சம்பளத்தைக் காட்டி ஆள் சேர்த்துவிட்டு, இத்தனை பேருக்குத்தான் நல்ல மார்க் என்று முன்கூட்டியே பங்கு வைத்திருந்தன. எல்லோரும் எவ்வளவு படித்தாலும் சிலர் இழந்தே தீர வேண்டும். 2011இல் பத்திரிகைகளில் இது அம்பலமாயிற்று. அடுத்த வருஷமே, அக்கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமெரிக்க வக்கீல் சங்கம், இழந்தவர் தொகையை வெளியிட்டாக வேண்டும் என்று விதித்தது. வக்கீல் பிள்ளைகளுக்கு ஆன நியாயம் பாண்டு வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஆகாதா?

கூலி என்று கேட்டவர்களும் உண்டு. ஷிகாகோவுக்குப் பக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் என்ற தனியார் சர்வகலாசாலையின் கால்பந்து ஆட்டக்காரர்கள், உபகாரச் சம்பளம் வாங்கி ஆடும் நாங்கள் தொழிலாளிகளே என்று சங்கம் கேட்டு மனுப் போட்டார்கள். 2014 மார்ச்சில் தொழிலுறவு போர்டின் பிராந்திய அதிகாரி ஆமென்று தீர்ப்புச் சொன்னார். ஏப்ரலில் பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். மேல் போர்டு 2015 ஆகஸ்டில், இந்த வழக்கில் நாங்கள் தலையிடுவதில்லை என்று கையை உதறிக்கொண்டது. பெட்டியிலிட்ட ஓட்டுகளை யாரும் எண்ணவில்லை.